டைமிங் செயின் மாட்டியபின் புறப்பட மறுக்கும் கார்

மோட்டார் கார் வைத்திருப்போர் யாவரும் அதன் உள்ளுறுப்புகளின் நுட்பங்களை அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நம்பிக்கைக்குரிய மெக்கானிக் ஒருவர் அருகில் இருந்துவிட்டால், சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். ஆனால், பிறந்த ஊரைவிட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்க்கை நடத்தும் நம்மவர்க்கு அத்தகைய துணை எளிதில் வாய்ப்பதில்லை. மொழி இடறுகிறது. நல்ல பட்டறை எது என்று சொல்ல உறவினர் இல்லை. வண்டி பழுதுபட்டால், பழுதைவிட அதைப் பற்றிய குழப்பமே நம்மைப் பெரிதும் அலைக்கழிக்கிறது. இக்குழப்பம் மிகுதியாகத் தோன்றும் ஒரு நிலையை எடுத்துக்கொண்டு, கலைப்பாடம் பயின்றவர்க்கும் விளங்கும் வகையில் அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலை இதுதான். எஞ்சினின் முன்புறத்தில் சலசலவென்று ஓசை கேட்கிறது. டைமிங் செயின் தளர்ந்துவிட்டது என்கிறார்கள். வண்டி பட்டறைக்குச் செல்கிறது. செயின் மாற்றப்படுகிறது, அல்லது வேறு வேலைக்காகக் கழற்றிய செயினே மீண்டும் மாட்டப்படுகிறது. எல்லா மூடிகளையும் பூட்டிச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுழல்கிறது. எஞ்சின் மட்டும் உயிர்பெறவில்லை. நேற்றுவரை ஓசையோடேனும் ஓடிய வண்டி, வேலை முடிந்தபின் ஓட மறுக்கிறது. இப்போது என்ன செய்வது?

செய்ய வேண்டிய முதற்காரியம், சாவியை மேலும் திருப்பாமல் நிறுத்திக்கொள்வது. இது சோம்பலுக்குச் சொல்லும் சமாதானமன்று. எஞ்சினைக் காப்பாற்றும் விதி. அதன் காரணத்தை அறியச் செயின் செய்யும் பணியைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு செயல்களை வரிசையாகச் செய்கிறது. காற்றையும் பெட்ரோலையும் உள்ளிழுப்பது, அதனை அழுத்துவது, பொறியால் எரியச் செய்து விசை பெறுவது, புகையை வெளியேற்றுவது என்பன அவை. இந்நான்கும் நடந்து முடிவதற்குள் பிஸ்டன் இருமுறை மேலே சென்று இருமுறை கீழே வருகிறது. அதாவது, கீழேயுள்ள கிராங்க் தண்டு இரண்டு சுற்றுகள் சுற்றுகிறது. அதே நேரத்தில், காற்று புகும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் ஒவ்வொரு முறையே திறந்து மூட வேண்டும். வால்வுகளைத் திறப்பது கேம் தண்டு. ஆகவே, கிராங்க் இருமுறை சுற்றும்போது கேம் ஒருமுறை சுற்ற வேண்டும். கிராங்கின் பற்சக்கரத்தில் உள்ள பற்களைப்போல் இருமடங்கு பற்கள் கேமின் பற்சக்கரத்தில் இருப்பது இதற்காகவே. இவ்விரண்டையும் பிணைத்து, ஒன்றையொன்று பிரியாமல் நடத்திச் செல்வதே டைமிங் செயின். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இவ்வளவு விரைவிலும் தாளம் தப்பாதிருப்பது அச்செயினின் உழைப்பு.

எல்லாக் கார்களிலும் செயின் இருப்பதில்லை. நம் நாட்டுச் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சினில் செயின் இருந்தது. 1983-இல் வந்த மாருதி 800-இல் ரப்பர் கலந்த பல்லுடைய பெல்ட் அப்பணியைச் செய்தது. 2008-இல் ஏ-ஸ்டார் காருடன் அறிமுகமான மாருதியின் கே-வரிசை எஞ்சின்களில் மீண்டும் செயினே இடம்பெற்றது. பெல்ட்டைக் குறிப்பிட்ட தூரத்திற்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். செயினோ எஞ்சின் ஆயிலில் நனைந்து நெடுங்காலம் உழைக்கும். ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால்தான் விரைவில் தேய்ந்து நீளும். ஆயினும், பெல்ட் ஆயினும் செயின் ஆயினும், மாட்டும்போது பொருத்தம் தவறினால் விளையும் கேடு ஒன்றே.

அக்கேடு யாது? இக்காலத்து எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில், திறந்த வால்வு நிற்கும் இடமும் பிஸ்டன் மேலேறி வந்து சேரும் இடமும் ஒன்றேயாகும். இருவர் ஒரே இருக்கையை வெவ்வேறு நேரங்களில் பயன்படுத்துவது போன்றது இவ்வமைப்பு. ஒருவர் எழுந்தபின் மற்றவர் வருகிறார். நேரம் தவறாதவரை மோதல் இல்லை. செயின் சில பற்கள் தவறி மாட்டப்பட்டால், வால்வு மூடுமுன்னரே பிஸ்டன் மேலேறிவிடுகிறது. உலோகம் உலோகத்தின்மீது மோதுகிறது. வால்வின் மெல்லிய தண்டு வளைந்துபோகிறது. அதன்பின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் பழுது தீராது.

பொருத்தம் தவறிய எஞ்சினைச் செல்ஃப் ஒருமுறை சுழற்றியவுடனேயே வால்வு வளைந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. தவறு சிறிதாயின் நூலிழை இடைவெளியில் தப்பியிருக்கக்கூடும். ஆனால், ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் அந்த நல்வாய்ப்பைப் பணயம் வைக்கிறோம். செயின் மேலும் ஒரு பல் தாவிவிட்டால் பணயம் தோற்றதாகும். ஆகவேதான் நிறுத்துக என்றோம். அக்கம்பக்கத்தார் அன்போடு வந்து, தள்ளினால் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். அவர்களுக்கு நன்றி கூறி அனுப்பிவிடுங்கள். கியரில் போட்டுத் தள்ளினாலும் வேறொரு வண்டியால் இழுத்தாலும் சுழல்வது அதே எஞ்சின்தான். மேலும், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சென்றடைந்து அதனையும் கெடுக்கும்.

சாவியைத் திருப்பியபோது எழுந்த ஓசை எத்தகையது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது அடுத்த படி. ஓசையே பாதி நோயைச் சொல்லிவிடும். செல்ஃப் சுழலாமல் 'டக்' என்று மட்டும் ஒலித்திருந்தால், பேட்டரியின் வலுக்குறைவோ, எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் வயரை மீண்டும் பூட்ட மறந்ததோ காரணமாகலாம். எஞ்சின் வழக்கமான ஏற்ற இறக்கத்தோடு ஒரே தாளத்தில் சுழன்றும் பிடிக்காமல் இருந்தால், அழுத்தம் பெரும்பாலும் நன்றாக உள்ளது; பொறியையோ பெட்ரோலையோ சந்தேகிக்க வேண்டும். தடையே இல்லாததுபோல் இலகுவாகவும் வழக்கத்தைவிட விரைவாகவும் சுழன்றால், சிலிண்டர்களில் அழுத்தம் இல்லை. செயினின் பொருத்தம் தவறியது என்ற ஐயம் வலுப்பெறுகிறது. ஒரு துடிப்பு வலுவாகவும் அடுத்தது வெறுமையாகவும் மாறி மாறிச் சுழன்றால், ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு வளைந்திருக்கலாம். காற்று உட்புகும் வழியாகவோ புகைக்குழாய் வழியாகவோ வெடியோசை வந்திருந்தால், பெட்ரோலும் பொறியும் இருக்கின்றன, ஆனால் நேரந்தவறிச் சந்திக்கின்றன என்று பொருள். உலோகம் மோதும் ஓசை ஒருமுறை கேட்டிருந்தாலும், ஆராய்ச்சி முடியும்வரை செல்ஃபைத் தொடவே கூடாது.

இவ்விடத்தில் பொதுவானதொரு நெறியை மனத்தில் இருத்துவோம். வேலைக்குமுன் ஓடிய வண்டி வேலைக்குப்பின் ஓடவில்லையெனில், வேலை செய்த கை தொட்ட இடத்தில்தான் குறை பெரும்பாலும் இருக்கும். பெட்ரோல் பம்ப் அன்றுதான் கெட்டது, கம்ப்யூட்டர் அன்றுதான் எரிந்தது என்பன நடக்கக்கூடாதவை அல்ல; நடப்பது அரிது. புதிய பாகங்களை வாங்கிவரச் சொல்லுமுன் கழற்றப்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமை.

செயினைக் கழற்றும்போது எவையெல்லாம் கழற்றப்படுகின்றன? பேட்டரி இணைப்பு, எர்த் வயர், காற்றுக் குழாய்கள், இக்னிஷன் காயில்கள், கிராங்க் சென்சார், கேம் சென்சார், எஞ்சினைத் தாங்கும் ஒருபக்கப் பிடி, முன்புற மூடி, வால்வு மூடி ஆகியன. இவற்றுள் கிராங்க் சென்சார் தனிக் கவனத்திற்குரியது. கிராங்க் தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்கு அறிவிப்பது அதுவே. அதன் கப்ளர் சரியாகப் பூட்டப்படாவிட்டாலும், வயர் மூடியின் இடையே நசுங்கிவிட்டாலும், கம்ப்யூட்டருக்கு எஞ்சின் சுழல்வதே தெரியாது. ஆகையால் பொறியும் வராது, பெட்ரோலும் வராது. சில எஞ்சின்களில் இச்சென்சார் உணரும் பல் வளையம் கிராங்கின் முன்முனையிலேயே அமைந்திருக்கும். அதனை முன்பின்னாகத் திருப்பி மாட்டினாலும் விளைவு அதுவே. கப்ளரை அழுத்திப் பூட்டுவது ஒரு நிமிட வேலை, செலவு ஒன்றுமில்லை. செலவில்லாத சோதனைகள் முன்னும் செலவுமிக்கவை பின்னும் வருதல் முறை.

சாவியை இரண்டாம் நிலைக்கு மட்டும் திருப்பிச் செல்ஃபை இயக்காமல் விட்டால், பின்னிருக்கைப் பக்கம் பெட்ரோல் பம்ப் ஓரிரு வினாடிகள் முனகுவதைப் பல கார்களில் கேட்கலாம். கேட்டால் பம்ப்பும் அதன் பியூஸும் நலம். முகப்பில் சாவிச் சின்னமுள்ள விளக்கு விடாமல் மின்னினால், திருட்டுத் தடுப்புக் கருவி சாவியை ஏற்கவில்லை. செயினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பேட்டரியின் மின்னழுத்தத்தையும் அளக்கலாம். நன்கு நிரம்பிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும்.

இக்காலத்துக் கார்களில் ஸ்கேனர் என்னும் சிறு கருவியைப் பொருத்திக் கம்ப்யூட்டர் குறித்து வைத்துள்ள பிழை எண்களைப் படிக்கலாம். பி 0335 என்பது கிராங்க் சென்சாரின் மின்வழியில் கோளாறு என்பதையும், பி 0340 என்பது கேம் சென்சாரின் மின்வழியில் கோளாறு என்பதையும் குறிக்கும். பி 0016 என்ற எண், கிராங்கின் நிலையும் கேமின் நிலையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று கூறுகிறது. செயின் மாட்டிய மறுநாள் இவ்வெண் தோன்றினால் மூடியைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். ஆனால், எண் ஒன்றும் இல்லை என்பதால் பொருத்தம் சரி என்று முடிவு கட்டலாகாது. எஞ்சின் சிறிது நேரம் ஓடிய பிறகே சில பிழைகளைக் கம்ப்யூட்டர் உணரும். ஓடாத எஞ்சினைப் பற்றி அது மௌனமாக இருக்கக்கூடும்.

இனி முக்கியமான சோதனைக்கு வருவோம். செயின் மாட்டிய எந்த எஞ்சினையும் செல்ஃபால் சுழற்றுமுன் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றிப் பார்ப்பது இவ்வேலையின் தலையாய ஒழுங்கு. பேட்டரி இணைப்பைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்பார்க் பிளக்குகள் யாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பின்பு கிராங்க் புல்லியின் நடுவேயுள்ள பெரிய போல்ட்டில் ஸ்பானரைப் பொருத்தி, எஞ்சின் இயல்பாகச் சுழலும் திசையிலேயே மெல்லச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் செயினில் தளர்ச்சி ஏற்பட்டுப் பல் தாவக்கூடும். பிளக்குகள் இல்லாதபோது அழுத்தத்தால் எழும் தடை இருக்காது. ஆகையால் சுற்று ஒரே சீராகச் செல்ல வேண்டும். இடையில் சுவரில் மோதியதுபோல் நின்றுவிட்டால் பலங்கொண்டு திருகக் கூடாது. அங்கே வால்வைப் பிஸ்டன் தொடுகிறது. கையின் வேகத்தில் தொட்ட வால்வு பெரும்பாலும் வளையாது. செல்ஃபின் வேகத்தில் மோதியது வளையும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் பெருஞ்செலவு அடங்கியுள்ளது.

இரண்டு சுற்றுகள் தடையின்றி முடிந்தபின், முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்குமாறு கிராங்கின் குறியை அதன் இடத்தில் நிறுத்தி, கேம் பற்சக்கரங்களின் குறிகள் தத்தம் இடங்களில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குறிகள் எங்கே இருக்கின்றன, எதற்கு நேராக நிற்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறுபடும். அந்தந்த வண்டியின் பழுதுபார்க்கும் கையேடே இதில் பிரமாணம். வேறு எஞ்சினில் பெற்ற பழக்கத்தை நம்பிக் குறிகளை ஊகிப்பதால் நேரும் தவறுகள் பல.

இங்கே இரண்டு ஐயங்கள் எழுவதுண்டு. அவற்றைத் தெளிந்துகொண்டால் வீண் பயம் நீங்கும். முதலாவது, செயினின் வண்ணக் கண்ணிகளைப் பற்றியது. பல செயின்களில் இரண்டு மூன்று கண்ணிகள் வேறு நிறத்தில் இருக்கும். மாட்டும்போது அவை பற்சக்கரக் குறிகளுக்கு நேரே நிற்க வேண்டும். எஞ்சினை இரண்டு சுற்றுகள் சுற்றியபின் பார்த்தால் வண்ணக் கண்ணிகள் எங்கோ விலகிச் சென்றிருக்கும். உடனே, பொருத்தம் தவறியதே என்று அஞ்ச வேண்டியதில்லை. செயினின் கண்ணிகளும் சக்கரத்தின் பற்களும் எண்ணிக்கையில் வேறானவை. வண்ணக் கண்ணிகள் பழைய இடத்திற்கு மீளப் பல சுற்றுகள் ஆகும். மாட்டுவதற்கு மட்டுமே அவை வழிகாட்டிகள். மாட்டியபின் சோதிக்கத்தக்கவை பற்சக்கரங்களின் குறிகளே.

இரண்டாவது ஐயம், கேம் அரைச்சுற்று மாறி நிற்பதைப் பற்றியது. கிராங்கின் குறி சரியான இடத்தில் இருக்க, கேமின் குறி நேர் எதிர்ப்பக்கத்தில் நின்றால், செயின் அரைச்சுற்றுத் தவறிவிட்டது என்று சிலர் பதறுவர். சற்றே எண்ணிப் பாருங்கள். கிராங்க் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கேம் அரைச்சுற்றே சுற்றும் என்று முன்னர்க் கண்டோம். ஆகவே, கிராங்கை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் கேமின் குறி தன் இடத்திற்கு வந்துவிடும். அப்படி வந்தால் குறை ஏதுமில்லை. பிஸ்டன் அழுத்தும் முறையில் உச்சியில் இல்லாமல், புகையை வெளியேற்றும் முறையில் உச்சியில் நின்றிருந்தது, அவ்வளவே. ஆனால், இரண்டு கேம் தண்டுகள் உள்ள எஞ்சினில் ஒன்று சரியாக நிற்க, மற்றது மட்டும் எதிர்ப்பக்கம் நின்றால் அது மெய்யான தவறு. பழைய அம்பாசடர் போன்ற டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டிகளில் வேறொரு நுட்பம் உண்டு. செயின் வேலையின்போது டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றியிருந்தால், அதனை அரைச்சுற்று மாற்றி வைத்துவிட முடியும். அப்போது அழுத்தம் நன்றாக இருக்கும், பெட்ரோல் இருக்கும், பொறியும் இருக்கும்; ஆனால் பொறி வேண்டிய சிலிண்டருக்குச் செல்லாமல் புகையை வெளியேற்றும் சிலிண்டருக்குச் செல்லும். அவ்வண்டியின் எரியும் வரிசை 1, 3, 4, 2. டிஸ்ட்ரிபியூட்டரைச் சரியான நிலையில் வைத்து, வயர்களை அவ்வரிசைப்படி மாட்டினால் வண்டி பிடித்துக்கொள்ளும்.

ஒரு பல் தவறுவதன் விலை என்ன என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். கேம் சக்கரத்தில் 36 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். 360 பாகைகளை 36-ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்குக் கேமில் 10 பாகை; கிராங்கில் அது 20 பாகை. ஒரு பல் மட்டும் தவறிய எஞ்சின் பல சமயங்களில் புறப்பட்டுவிடும். ஆனால் நடுங்கும், வலுவிழக்கும், பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும். இரண்டு மூன்று பற்கள் தவறினால் புறப்படவே மறுக்கலாம். ஆகவே, முற்றிலும் புறப்படாத எஞ்சினில் தவறு பெரிதாக இருக்கக்கூடும் என்று கருதி நடப்பதே நலம்.

வால்வுகள் தப்பினவா என்பதை அறியும் வழி, கம்ப்ரெஷன் அளவி. பிளக் இருக்கும் துளையில் இதனைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால் சிலிண்டரின் அழுத்தம் தெரியும். இதற்குச் செல்ஃபை இயக்க வேண்டியிருப்பதால், மேலே சொன்ன கைச்சுற்று தடையின்றி முடிந்த பிறகே இதனைச் செய்ய வேண்டும். நல்ல பெட்ரோல் எஞ்சினில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 முதல் 14 கிலோகிராம் வரை அழுத்தம் இருக்கும். எண்ணைவிட, எண்களின் ஒப்பீடே பெரிதும் பேசும். எல்லாச் சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒரே அளவில் குறைந்திருந்தால், வால்வுகள் நலமாக இருந்து நேரம் மட்டும் தவறியிருக்கலாம். பொருத்தத்தைத் திருத்தினால் போதும். ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் அழுத்தம் அறவே இல்லையென்றால் அங்கே வால்வு வளைந்திருப்பதாகக் கொள்ளலாம். ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலைச் சிலிண்டரில் விட்டு மீண்டும் அளந்து பார்ப்பதும் உண்டு. அழுத்தம் உயர்ந்தால் குறை பிஸ்டன் வளையங்களின் பக்கம். நெடுநேரம் செல்ஃபைச் சுழற்றியதால் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் ஆயிலைக் கழுவிவிட்டிருந்தாலும் இவ்வாறே நேரும். உயராவிட்டால் குறை வால்வுகளின் பக்கம்.

டில்லியில் என் அலுவலக நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே குறிப்பிடலாம். மூன்று சிலிண்டர்களும் செயினும் உள்ள எஞ்சினைக் கொண்ட அவருடைய வாகன்-ஆர் கார், வீட்டருகே ஒரு பட்டறையில் செயின் மாற்றப்பட்டபின் புறப்படவில்லை. சாவியைத் திருப்பியபோது எஞ்சின் வழக்கத்தைவிட இலகுவாகச் சுழன்றது. பட்டறையில் இருந்தவர்கள் பம்ப்பை மாற்ற வேண்டும் என்றார்கள். தெருவரை தள்ளிப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். நண்பர் இரண்டுக்கும் இணங்கவில்லை. முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், பின்பு அழுத்தத்தை அளக்க வேண்டும் என்று பணிவாகவும் உறுதியாகவும் கேட்டுக்கொண்டார். கைச்சுற்றில் தடை இல்லை. அழுத்தமோ மூன்று சிலிண்டர்களிலும் ஒரே அளவில் மிகவும் தாழ்ந்திருந்தது. மூடியைத் திறந்து பார்த்தபோது, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஊசியை, செயின் நன்றாக அமருமுன்னரே எடுத்துவிட்டிருந்தது தெரிந்தது. கேம் பின்தங்கி நின்றது. குறிகளைச் சரிசெய்து மாட்டியபின் மூன்றாம் முயற்சியில் எஞ்சின் பிடித்தது. வால்வு ஒன்றும் வளையவில்லை. அன்று வண்டியைத் தள்ளியிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கலாம்.

இந்நிகழ்ச்சி சுட்டும் டென்ஷனரைப் போலவே கவனிக்கத்தக்க சிறு உறுப்புகள் வேறு சில உண்டு. கிராங்க் தண்டையும் அதன் பற்சக்கரத்தையும் பிணைக்கும் பிறை வடிவச் சாவித்துண்டு விழுந்துவிட்டாலோ தேய்ந்துவிட்டாலோ, குறிகள் பொருந்தியிருந்தும் சக்கரம் தண்டின்மேல் வழுக்கும். புல்லியின் நடு போல்ட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்காவிட்டாலும் அவ்வாறு நேரலாம். பழைய பற்சக்கரங்களின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருந்தால், புதிய செயின் மட்டும் போதாது. சக்கரம், வழிகாட்டிப் பட்டை, டென்ஷனர் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றுவது நெடுநாள் நன்மை தரும். டில்லியில் காஷ்மீரி கேட், கொல்கத்தாவில் மல்லிக் பஜார் போன்ற சந்தைகளில் வாங்கும்போது வண்டியின் பதிவுச் சான்றிதழை உடன்கொண்டு சென்று, எஞ்சின் வகையைச் சொல்லி வாங்க வேண்டும். பெயர் ஒன்றேயான கார்களில் எஞ்சின்கள் வேறுபடுவதுண்டு.

பொருத்தம் சரி, அழுத்தமும் சரி, ஆயினும் பிடிக்கவில்லை எனின், பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை முயன்றதால் அவை பெட்ரோலில் நனைந்திருக்கலாம். துடைத்து உலர்த்தி மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி செல்ஃபைச் சில வினாடிகள் இயக்கினால், கம்ப்யூட்டர் உள்ள பெரும்பாலான கார்களில் பெட்ரோல் தெளிப்பு நின்று, தேங்கியது வெளியேறும். பின்பு மிதியிலிருந்து காலை எடுத்து இயல்பாக முயலலாம். புறப்பட்டவுடன் ஓரிரு வினாடிகள் செயின் சலசலத்தால் அஞ்ச வேண்டாம். ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனர் நிரம்பும்வரை அவ்வோசை இருக்கும். நின்றுவிட வேண்டும்; நிற்காவிட்டால் எஞ்சினை நிறுத்துக.

வால்வு வளைந்துவிட்டது என்பது உறுதியானால் மனம் தளர்ந்து வண்டியையே விற்றுவிடத் துணிய வேண்டாம். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, வளைந்த வால்வுகளை மாற்றி, அவை அமரும் இடங்களை லேத் பட்டறையில் சீர்செய்து, புதிய கேஸ்கெட்டோடு பூட்டினால் எஞ்சின் மீண்டும் உழைக்கும். ஆனால், செலவு யாருடையது என்ற கேள்வி அப்போது எழும். வேலைக்குமுன் வண்டி ஓடி வந்தது என்பதற்கும் வேலைக்குப்பின் யார் என்ன செய்தார் என்பதற்கும் எழுத்து வடிவில் சான்று இருப்பது நல்லது. வண்டியை விடும்போதே வேலைக்குறிப்பில் 'வண்டி ஓடும் நிலையில் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதி வாங்குங்கள். அழுத்தம் அளந்தபோது கிடைத்த எண்களைச் சிலிண்டர்வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டுப் பெறுங்கள். சினமின்றிப் பேசுவதற்குச் சான்று பெருந்துணை.

பேசுவது என்றவுடன் மொழி நினைவுக்கு வருகிறது. வடநாட்டுப் பட்டறைகளில் தலைமை மெக்கானிக்கை 'உஸ்தாத்' என்று மரியாதையோடு அழைப்பார்கள். செல்ஃப், டைமிங், கம்ப்ரெஷன், பிளக் முதலிய சொற்கள் அங்கும் நம்மூரில் வழங்குவது போலவே வழங்குகின்றன. ஆதலால் மொழிச்சிக்கல் நாம் அஞ்சும் அளவுக்குப் பெரிதன்று. மூன்று வாக்கியங்கள் கைவசம் இருந்தால் போதும். "உஸ்தாத்ஜி, ஹாத் ஸே தோ சக்கர் குமா கே தேகா?" என்றால், கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தீர்களா என்று பொருள். "ஸாரே நிஷான் மில் ரஹே ஹைன்?" என்றால், குறிகள் யாவும் பொருந்துகின்றனவா என்று பொருள். "கம்ப்ரெஷன் கித்னா ஆயா?" என்றால், அழுத்தம் எவ்வளவு வந்தது என்று பொருள். இம்மூன்றையும் கேட்பவர் வண்டியைப் பற்றி அறிந்தவர் என்பதை உஸ்தாத் உடனே உணர்ந்துகொள்வார். குறைகூறும் தொனியின்றி, தெரிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேட்டால், நல்ல தொழிலாளி மகிழ்ந்து மூடியைத் திறந்து காட்டுவார். காட்ட மறுத்து மீண்டும் மீண்டும் செல்ஃபையே இயக்குபவரிடமிருந்து வண்டியை, எஞ்சினைச் சுழற்றாமல், ஏற்றிச் செல்லும் வண்டியின்மீது ஏற்றி வேறிடம் கொண்டுபோவதே தக்கது.

சுருங்கக் கூறின், முறை இதுவாகும்: சாவியை நிறுத்துக, ஓசையை நினைவுகூர்க, கழற்றியவற்றை எண்ணிப் பூட்டுக, கையால் சுற்றுக, குறிகளைக் காண்க, அழுத்தத்தை அளக்க, அதன்பின்னரே புதிய பாகம் வாங்குவதைப் பற்றி எண்ணுக. இவ்வரிசையில் முன்னுள்ளவற்றிற்குச் செலவு சிறிது, பின்னுள்ளவற்றிற்குச் செலவு பெரிது. வரிசை மாறினால் ஒரு பல் அளவான தவறு ஒரு மாதச் சம்பளமாக வளர்ந்துவிடும்.